மொசைக் தரையும் பீங்கான் ஊரும்

போன மாசம் விருத்தாசலம் போயிருந்தப்போ வீட்டுல ஒரே பஞ்சாயத்து. ஹால்ல இருக்கிற மொசைக் தரையை இடிச்சிட்டு டைல்ஸ் போடணும்னு அம்மா, கூடவே கூடாதுன்னு அப்பா. நடுவுல நான், சென்னை ஷோரூம் ஒண்ணுல பார்த்த சமையல் மேடைப் பலகையைப் பத்தி அளந்து விட்டேன். உடைஞ்ச பாட்டில் துண்டுகளைப் பதிச்சு பாலீஷ் போட்டது, கிரானைட்டை விட விலை அதிகம். அப்பா தரையைக் காட்டி, "இது மட்டும் என்னடா?" அப்படின்னார்.

யோசிச்சா சரிதான். மொசைக்குன்னு நாம சொல்றதுக்கு இத்தாலியில டெராசோன்னு பேரு. வெனிஸ் பக்கம் பெரிய மாளிகைகளுக்குப் பளிங்குத் தரை போட்ட தொழிலாளிகள், மிச்சம் விழுந்த சில்லுகளைத் தங்கள் வீட்டுத் தரையில் பதிச்சுக்கிட்டதுதான் ஆரம்பம்னு சொல்வாங்க. அதாவது, பணக்கார வீட்டுக் கழிவு.

நம்ம ஊர்ல 60கள்ல இருந்து 80கள் வரைக்கும் கட்டின வீடுகள்ல இதுதான் அந்தஸ்து. வெள்ளை சிமெண்டுல கலர் பொடியும் பளிங்குச் சில்லும் கலந்து கொட்டுவாங்க. தரை விரிசல் விடாம இருக்க, கட்டம் கட்டமா கண்ணாடிப் பட்டையை நிறுத்துவாங்க. (எங்க ஹால் கட்டங்கள்லதான் நான் நொண்டி விளையாடினேன். அது கண்ணாடின்னு இப்பத்தான் தெரியும்!) காய்ஞ்சதும் கார்போரண்டம் கல் மாட்டின மெஷின்ல பல ரவுண்டு தேய்ப்பு, கடைசியில ஆக்சாலிக் ஆசிட் பாலீஷ். வீடு பூரா சேறு, ஒரு வாரம் தூக்கம் போச்சு.

ஆத்தங்குடிக்காரங்க கண்ணாடியை வேற மாதிரி பயன்படுத்தினாங்க. கலர் சிமெண்டைக் கண்ணாடித் தட்டு மேல ஊத்துவாங்க. காய்ஞ்சு பிரிச்சா கண்ணாடியோட வழவழப்பு கல்லுக்கு வந்துடும். சூளையே கிடையாது.

90களுக்கு அப்புறம் விட்ரிஃபைட் டைல்ஸ் வந்து எல்லாத்தையும் ஓரங்கட்டிடுச்சு. அதுவும் களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார்தான். சுமார் 1200 டிகிரியில ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி மத்ததை ஒட்ட வைக்குது.

பீங்கானுக்குப் பேர் போன எங்க ஊர்ல செராமிக் தொழிற்பேட்டை இருக்கு, அந்தப் படிப்புக்குன்னே அரசு நிறுவனமும் இருக்கு. ஆனா பொம்மை, அகல் விளக்கு, ஃப்யூஸ் கட்டைன்னுதான் பேரு. தரை டைல்ஸ் எல்லாம் குஜராத் மோர்பியில இருந்து லாரியில வருது.

எனக்கு உறுத்துற விஷயம் இங்கதான். கண்ணாடித் துண்டை அப்படியே சிமெண்டுல போட்டா, ஈரம் பட்டா சிமெண்டுல உள்ள காரம் கண்ணாடியைத் தின்னும். அதுல உண்டாகிற பிசின் ஊதி, பலகை வெடிக்கும். இதுக்கு ஒரு மருந்து மெட்டாகயோலின். வெள்ளைக் களிமண்ணை 700, 800 டிகிரியில சுட்டா கிடைக்கிறது. அந்த வெள்ளைக் களிமண் பக்கத்து நெய்வேலியில, பழுப்பு நிலக்கரிக்கு மேல இருக்கிற மண்ணைத் தோண்டும்போது சும்மாவே வருது. சூளையும் கை பழகின ஆட்களும் எங்க ஊர்ல இருக்காங்க. பாட்டிலுக்கு நம்ம நாட்டுல பஞ்சமா என்ன :-)

இதை அப்பாகிட்ட சொன்னா, "அதெல்லாம் நீ பண்ணு, என் தரையில கை வைக்காதே"ங்கறார். அம்மா பொங்கலுக்குள்ள டைல்ஸ் வந்தாகணும்னு கெடு வச்சிருக்காங்க.