சுண்ணாம்பின் கல்சியமும் கலத்தின் கல்சியமும்: வெற்றிலை வாயில் தன்னுண்ணலும் புற்றுநோயும்

வெற்றிலை சப்பும் வாயில் இரண்டு கல்சியங்கள் இருக்கின்றன. ஒன்று, சிப்பியையோ சுண்ணக்கல்லையோ சுட்டு நீற்றி, விரல் நுனியால் இலையில் பூசப்படும் சுண்ணாம்பு. மற்றது, கன்னத்தின் உட்புறத்து மேலணிக் கலங்கள் தமக்குள் பூட்டி வைத்திருக்கும் கல்சியம். கல்முனை முதல் சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று வரையான கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களில் வெற்றிலைத் தட்டான வட்டாவும் எச்சில் துப்பும் படிக்கமும் கல்யாண வீட்டிலிருந்து மையித்து வீடு வரை உடன்வருபவை. இலங்கை ஆண்களிடையே வாயைச் சார்ந்த புற்றுநோய்கள் நெடுங்காலமாக முன்னணியில் இருப்பதற்கும் இந்தப் பழக்கத்துக்கும் உள்ள தொடர்பு ஐயத்துக்கு இடமற்றது. அந்தத் தொடர்பின் நடுவே கல்சியம் நிற்கிறது. ஆனால் அது சுண்ணாம்பின் கல்சியம் அன்று. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான், சுண்ணாம்பு எலும்புக்குப் பலம் என்ற பேச்சும் புற்றுக்குக் காரணம் சுண்ணாம்பு மட்டுமே என்ற பேச்சும் அருகருகே நடமாடுகின்றன.

கலத்துக்கு வெளியேயுள்ள பாய்மத்தில் கட்டற்ற கல்சியம் இலீற்றருக்கு ஏறத்தாழ 1 மில்லிமூலுக்குச் சற்று மேல். ஓய்விலிருக்கும் கலத்தின் குழியவுருவிலோ அது வெறும் 100 நனோமூல். இடையிலுள்ள பத்தாயிரம் மடங்கு வேறுபாட்டைக் காக்கக் கலம் ஓயாது சக்தி செலவழிக்கிறது. அகமுதலுருச் சிறுவலையின் மென்சவ்விலுள்ள பம்பி கல்சியத்தை உள்ளே இறைத்துச் சேமிக்கிறது. கதவு சிறிது திறந்தாலே குழியவுருவின் செறிவு பல மடங்கு எகிறுவதால், இந்த அயன் செய்தி சொல்ல ஏற்றதாகிறது. அந்தக் கதவைத் திறக்கும் சிறு மூலக்கூறு இனோசிற்றோல் முப்பொசுபேற்று என்பது 1983இல் தெரியவந்தது.

இந்தச் சமிக்ஞையைக் காண நுணுக்குக்காட்டி தேவையில்லை, படிக்கம் போதும். பாக்கின் முதன்மை அல்கலோயிட்டான அரிக்கோலின், உடலின் அசற்றைல்கோலினுக்கு உரிய மசுக்கரின் வாங்கிகளில் போய் ஒட்டுகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிக் கலங்களில் அந்த வாங்கி தூண்டப்பட்டால் முப்பொசுபேற்று உருவாகும், சிறுவலையிலிருந்து கல்சியம் வெளிவரும், உமிழ்நீர் ஊறும். பாக்குப் போட்ட சிறிது நேரத்தில் வாய் நிறைவதற்கு மெல்லுதல் ஒரு காரணம் என்றால் இது மற்றொன்று. பழக்கமில்லாதவருக்கு வியர்த்துத் தலை சுற்றுவதும் இதே வாங்கிகளின் வேலையே.

இதே கல்சியம் கைவைக்கும் இன்னொரு செயல் தன்னுண்ணல். அது, கலம் தன் பழுதான உறுப்புகளையும் உருக்குலைந்த புரதங்களையும் இரட்டை மென்சவ்வுப் பைக்குள் அடைத்து, இலைசோசோமில் கரைத்து, மூலப்பொருளாக மீட்கும் ஏற்பாடு. 1963இல் கிறித்தியன் டி டூவ் இதற்குப் பெயரிட்டார். பட்டினி கிடந்த மதுவக் கலங்களில் இதற்கான பரம்பரையலகுகளை யோசினோரி ஓசுமி கண்டறிந்தார். 2016இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசை நோன்பின் மருத்துவச் சான்றாகக் காட்டும் பகிர்வுகள் ஒவ்வொரு றமழானிலும் சுற்றுகின்றன. நோன்பின் மதிப்பு மதுவத்தின் சாட்சியத்தை நம்பி நிற்பதில்லை. மதுவத்தில் கண்டது மனிதரின் புற்றுக் கட்டிக்கு மருந்தாகிவிடுவதும் இல்லை.

கல்சியம் தன்னுண்ணலைக் கூட்டுமா, குறைக்குமா? இந்தக் கேள்விக்கு ஆய்வுகள் முரணான பதில்களைத் தந்தன. 2007இல் டென்மார்க்கில் மார்பகப் புற்றுக் கலங்களில் குழியவுருக் கல்சியத்தை உயர்த்தியபோது ஒரு கைனேசு நொதியம் தூண்டப்பட்டது. அது சக்திப் பற்றாக்குறையை உணரும் ஏஎம்பிகே நொதியத்தை எழுப்ப, ஏஎம்பிகே தன்னுண்ணலை அடக்கி வைத்திருக்கும் எம்டோரை ஒடுக்கியது. கல்சியம் கூடத் தன்னுண்ணலும் கூடியது. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வு நேர் எதிரானதைக் காட்டியது. சிறுவலையிலிருந்து, கலத்துக்குச் சக்தி ஆக்கும் இழைமணிக்கு இடைவிடாது சொட்டும் கல்சியத்தைத் தடுத்தால் சுவாசம் தளர்கிறது, அதே ஏஎம்பிகே விழிக்கிறது, தன்னுண்ணல் தொடங்குகிறது. இங்கே கல்சியம் குறையத் தன்னுண்ணல் கூடுகிறது. 2015இல் மூன்றாவது வழியும் தெரிந்தது: இலைசோசோமிலிருந்து கசியும் கல்சியம் கல்சினியூரின் என்ற நொதியத்தைத் தூண்ட, அது தன்னுண்ணல் பரம்பரையலகுகளை இயக்கும் ஒரு புரதத்தைக் கருவுக்குள் அனுப்புகிறது.

இவை உண்மையில் முரண்கள் அல்ல; கேள்விதான் தவறாக வைக்கப்பட்டது. கல்சியம் எவ்வளவு என்பதைவிட எந்த அறையில், எவ்வளவு நேரம் என்பதே விடையை நிர்ணயிக்கிறது. குழியவுருவில் நெடுநேர உயர்வு அபாய மணி. இழைமணியின் வாசலில் சிறு சொட்டு அன்றாடப் படி. அது நின்றுபோவதும் அபாய மணியே.

புற்றுநோயில் தன்னுண்ணலுக்கும் இதே இரட்டை முகம் உண்டு. 1999இல் பெத் லெவினின் குழு, தன்னுண்ணலுக்குத் தேவையான பெக்லின்-1 புரதம் கட்டி வளர்வதைத் தடுப்பதைக் காட்டியது. பழுதைத் துப்புரவாக்கும் கலத்தில் விகாரங்கள் எளிதில் சேர்வதில்லை. ஆனால் கட்டி உருவான பின், குருதி போதாத அதன் நடுப்பகுதிக் கலங்கள் பட்டினியைக் கடப்பதும் தன்னுண்ணலால்தான். அதனாலேயே, ஒரு காலத்தில் இலங்கையில் வீட்டுக்கு வீடு தெரிந்திருந்த மலேரியா மாத்திரையான குளோரோக்குயினும் அதன் உறவு மருந்தும் புற்றுநோய்ச் சோதனைகளுக்கு வந்தன. அவை இலைசோசோமின் அமிலத்தன்மையைக் குலைத்துத் தன்னுண்ணலைக் கடைசிப் படியில் மறிக்கின்றன. 2016இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு இன்னும் கூர்மையானது. இழைமணிக்குச் செல்லும் கல்சியத்தை மறித்தபோது சாதாரணக் கலங்கள் தன்னுண்ணலோடு பிரிவதையும் நிறுத்தித் தப்பின. புற்றுக் கலங்களிலும் தன்னுண்ணல் எழுந்தது, ஆனால் அவை நிற்காமல் பிரிவுக்குள் நுழைந்து மடிந்தன.

பாக்கு இந்த ஏற்பாட்டில் பல இடங்களில் கைவைக்கிறது. பாக்குச் சாறு வாய்ப் புற்றுக் கலங்களில் தன்னுண்ணலை எழுப்புவதைத் தாய்வான் ஆய்வுகூடங்கள் காட்டியுள்ளன. சீதமென்சவ்வின் அடியிலோ வேறொரு வேலை நடக்கிறது. பாக்கின் அல்கலோயிட்டுகளும் பாக்கிலுள்ள செம்பும் சேர்ந்து கொலாஜன் நார்களைப் பெருக்கி இறுக்குகின்றன. விளைவு வாய்ச் சீதமென்சவ்வின் கீழ் நாரேற்றம். கன்னம் வெளிறும், விரலால் தொட்டால் கயிறு போன்ற பட்டை தென்படும், காரம் எரியும், மூன்று விரல் நுழையுமளவுக்கு வாய் திறக்காது. பழக்கத்தை விட்ட பின்னும் இந்த நார்கள் பெரும்பாலும் கரைவதில்லை. இந்த நாரேற்றம் உள்ளவர்களுள் ஒரு பகுதியினருக்கே பின்னர் புற்று வருகிறது.

சுண்ணாம்பின் பங்கு வேறு வகையானது. நீற்றிய சுண்ணாம்பின் நிறைகரைசலில் பீஎச் 12ஐத் தாண்டும். அந்தக் காரத்தில் அரிக்கோலினின் ஒரு பகுதி அரிக்கெயிடினாக உடைகிறது. எஞ்சியது ஏற்றமற்ற வடிவில் மென்சவ்வை எளிதில் கடக்கிறது. பாக்கின் பொலிபீனோல்கள் காரத்தில் ஒட்சியேறித் தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் வகைகளை உமிழ்கின்றன. இவை டீஎன்ஏயைத் தாக்குவதோடு, சிறுவலையின் பம்பியையும் கதவையும் பழுதாக்கிக் கல்சியத்தைக் கசியவிடவல்லவை. ஆகக் கலத்தின் கல்சியச் சமிக்ஞையைக் குழப்புவது சுண்ணாம்பின் காரமே. அதன் கல்சியம் அங்கே துணைப் பாத்திரம் மட்டுமே. தோலின் மேலணிக் கலங்களை வளர்த்துப் பார்த்தவர்கள் 1980 அளவிலேயே கண்டதும் இதற்கு ஆதரவு: வெளிக் கல்சியம் மிகக் குறைவாக இருந்தால் அவை பெருகின, கூட்டினால் பெருகுவதை விட்டு முதிர்ந்தன.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டையும் பாக்கையும் மனிதருக்குப் புற்று உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது. புகையிலையை விட்டால் போதும் என்ற சமாதானம் அதோடு விழுந்தது. இலங்கை 2016இல் புகையற்ற புகையிலைப் பொருள்களின் உற்பத்தியையும் விற்பனையையும் தடைசெய்தது. வெறும் பாக்கும் வெற்றிலையும் சுண்ணாம்பும் அந்தத் தடைக்கு வெளியே நிற்கின்றன.

ஆய்வுகூடச் சான்றுகளுக்கும் வட்டாவுக்கும் இடையே ஓர் அளவுப் பொருத்தமின்மை உண்டு. வளர்ப்புத் தட்டிலுள்ள கலத்துக்குச் சாறு சில மணி நேரமோ சில நாட்களோ ஒரே செறிவில் கிடைக்கிறது. சப்புபவரின் கன்னத்துக்கு அது நாளில் பல தடவை, இடைவெளி விட்டு, இருபது முப்பது வருடங்கள் கிடைக்கிறது. ஒவ்வொரு வாய்க்கும் கல்சியம் எழுந்து அடங்க, தன்னுண்ணலும் அதோடு ஏறி இறங்க வேண்டும். தட்டில் ஒருநாளில் கலத்தைக் காப்பாற்றிய தன்னுண்ணல், இத்தனை வருட ஏற்ற இறக்கத்தில் விகாரமடைந்த கலத்தையும் சேர்த்தே காப்பாற்றத் தொடங்கும் கட்டத்தைத் தட்டில் பிடிக்க முடியாது. நாரேறிய கன்னத்திலிருந்து வருடக்கணக்கில் எடுக்கப்படும் இழைய மாதிரிகளில்தான் அதைத் தேட வேண்டும்.