பாய்காட்: யார் யாரை ஒதுக்குவது?

'பாய்காட்' என்ற ஆங்கில வினைச்சொல் ஒரு மனிதரின் பெயர். சார்லஸ் பாய்காட், அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் குத்தகை வசூலித்த ஏஜென்ட். 1880இல் குத்தகையை 25 விழுக்காடு குறைக்கும்படி விவசாயிகள் கேட்டார்கள். பிரபு 10 விழுக்காட்டுக்கு மேல் இறங்கவில்லை. செப்டம்பரில் பாய்காட் விவசாயிகளை வெளியேற்ற நோட்டீஸ் அனுப்பினார்.

அதே மாதம் என்னிஸ் நகரில் பேசிய பார்னெல், வெளியேற்றப்பட்டவரின் நிலத்தை எடுத்துக்கொள்பவரோடு ஊரே பேச்சுவார்த்தையை நிறுத்த வேண்டும் என்றார். மக்கள் அதை ஏஜென்டிடமே செய்து காட்டினார்கள். கூலியாட்கள் வயலைவிட்டு வெளியேறினர். கடைக்காரர்கள் சாமான் தரவில்லை. தபால் கொண்டுவந்த பையனும் நின்றுவிட்டான். அறுவடைக்கு வெளியூரிலிருந்து சுமார் 50 பேரை வரவழைத்து, அவர்களுக்குக் காவலாகச் சுமார் ஆயிரம் படையினரையும் போலீசாரையும் அரசு நிறுத்தியது. சுமார் 500 பவுண்டு பெறுமான விளைச்சலுக்கு 10,000 பவுண்டு செலவு என்று அன்று கணக்கிட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் பாய்காட் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். அவர் பெயர் வினைச்சொல்லாகி லண்டன் பத்திரிகைகளில் ஏறியது.

நிலமில்லாதவர்கள் நில அதிகாரத்துக்கு எதிராக எடுத்த ஆயுதம் இது. 1955இல் மான்ட்கோமரியின் கறுப்பின மக்கள் நிறவெறிப் பேருந்துகளில் ஏற மறுத்து 381 நாட்கள் நடந்ததும் இதே வழியில்தான்.

நம் நாட்டில் இந்தச் சொல் வருவதற்கு முன்பே செயல் இருந்தது, ஆனால் தலைகீழாக. இங்கே ஒதுக்கியவர்கள் நிலமும் கடையும் கிணறும் வைத்திருந்தவர்கள்; ஒதுக்கப்பட்டவர்கள் நாம். 'பகிஷ்கரிக்கப்பட்ட' என்ற சொல்லையே எடுத்து 1927இல் 'பகிஷ்கிருத் பாரத்' என்று தன் இதழுக்குப் பெயர் வைத்தார் அம்பேத்கர். வட்டமேசை மாநாட்டில் அவரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் அளித்த மனு, சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கக் கோரியது. அதற்கான சட்ட வாசகங்களை 1922ஆம் ஆண்டு பர்மா புறக்கணிப்புத் தடைச் சட்டத்திலிருந்து எடுத்துத் தந்தார்கள்.

அந்தக் கோரிக்கை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தெளிவாக இடம்பெற 2015ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று பிரிவு 3(1)(zc)யின்படி சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு மட்டுமல்ல, அப்படிச் செய்வோம் என்று மிரட்டுவதும் குற்றம். தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம்.

'நீங்களும்தானே பாய்காட் செய்கிறீர்கள், அவர்கள் செய்தால் என்ன தவறு?' என்று கேட்பவர்களுக்கு நம் பதில் இதுதான்: ஒரே வினைச்சொல்தான், எழுவாயைப் பாருங்கள். கூலிக்காரர் வேலைக்குப் போக மறுத்தால் அது அவரிடம் மிஞ்சியிருக்கும் ஒரே பலம். ஊரே சேர்ந்து அவருக்குக் கூலி வேலையும் மளிகையும் தர மறுத்தால் அது பட்டினி போடும் தண்டனை.

ஆகவே தோழர்களே, கள ஆய்வுக்குப் போகும்போது கடையில் பொருள் மறுத்த நாள், வேலையிலிருந்து நிறுத்திய நாள், தண்டோரா போட்டவர், சொன்னவர் என்று ஒவ்வொன்றையும் எழுதி வாங்குங்கள். புகாரில் 'இரு தரப்புப் பிரச்சினை' என்று எழுத விடாதீர்கள். 'சமூகப் புறக்கணிப்பு' என்ற பெயரும் அந்தப் பிரிவும் மனுவிலேயே இருக்கட்டும்.