குமிழி எண்ணும் பாடம்

மேல்நிலை வகுப்புப் பிராக்டிகலில் ஒளிச்சேர்க்கைச் சோதனை என்றால் எல்லாப் பள்ளியிலும் ஒரே சாமான்கள்தான்: பீக்கர், புனல், சோதனைக் குழாய், பேச்சில் பாசி என்று நாம் சொல்லும் ஹைட்ரில்லா நீர்ச்செடி ஒரு கைப்பிடி. பாசியின் வெட்டுவாய் மேலே இருக்கும்படி அதன்மேல் புனலைக் கவிழ்த்து, புனலின் தண்டில் நீர் நிரம்பிய குழாயைத் தலைகீழாகப் பொருத்தி, வெயிலில் வைத்தால் குமிழி கிளம்பும். குழாயில் சேர்ந்த வாயுவுக்குள் கனலும் ஊதுவத்தியை நீட்டினால் குப்பென்று சுடர்விடும். திருக்கோகர்ணத்தில் நான் தாவரவியல் நடத்திய காலத்தில் பிள்ளைகளுக்குப் பிடித்தது அந்த ஊதுவத்திதான். மார்க் என்னவோ குமிழிக்குத்தான்.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் ஊரும் பெயரும் உண்டு. 1771 ஆகஸ்ட் 17 அன்று, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்றுக்குள் ஒரு புதினாத் தண்டை வைத்து மூடினார். 27ஆம் தேதி அதே காற்றில் இன்னொரு மெழுகுவத்தி நன்றாக எரிந்தது. 1779இல் டச்சு மருத்துவர் யான் இங்கென்ஹவுஸ் இலைகளை நீரில் அமிழ்த்திப் பார்த்து, வெயில் பட்டால்தான், அதுவும் பச்சைப் பாகத்திலிருந்துதான், அந்த நல்ல காற்று வருகிறது என்று காட்டினார். 1860களில் ஜெர்மனியின் யூலியஸ் சாக்ஸ், வெயில் பட்ட இலையில் மாவுப்பொருள் உண்டாவதை அயோடின் கொண்டு கண்டார். நாங்கள் ஸ்பிரிட்டில் வேகவைத்து வெளுத்த செம்பருத்தி இலைமேல் விடும் அயோடின் சொட்டு அவர் கொடுத்தது. எங்கள் ஊர்க் கோகர்ணேசுவரர் கோயிலின் தலமரம் மகிழம். அதன் இலை தடிப்பு, சீக்கிரம் வெளுக்காது. அதனால் எங்களுக்குச் செம்பருத்தியே கதி. இதே பிராக்டிகலில் வரும் ஒளித்திரைக்கும் சுவாசமானிக்கும் பெயர் கொடுத்த கானாங், அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரி ஆசிரியர்.

கருவிகள் இப்படி அயலிலிருந்து வந்தன. செடியை மட்டும் நாம்தான் தேட வேண்டியிருந்தது. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் பணியாற்றிய கே. ரங்காச்சாரி 1916இல் ஆங்கிலத்தில் எழுதிய தொடக்கநிலைத் தாவரவியல் நூல், இந்திய மாணவர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. ஆனால் உள்ளூர்ச் செடியை வெறும் மாற்றுப் பொருளாக இல்லாமல் ஆராய்ச்சிப் பொருளாகவே எடுத்துக்கொண்டவர் ஜகதீஷ் சந்திர போஸ்.

செடி வளர்வதை அளந்த கிரெஸ்கோகிராஃப் கருவியால்தான் அவரைப் பலருக்குத் தெரியும். 1917இல் கல்கத்தாவில் நிறுவிய தன் ஆய்வகத்தில் அவர் ஹைட்ரில்லாவையும் வைத்து வேலை செய்தார். கண்ணால் குமிழி எண்ணினால் கணக்குத் தவறும். அதனால் பாசியிலிருந்து வெளியேறும் ஆக்சிஜன், மின்சுற்றின் வழியாகத் தன்னையே பதிவு செய்துகொள்ளும்படி ஒரு கருவி செய்தார். ஒளிச்சேர்க்கை பற்றிய அவருடைய நூல் 1924இல் வெளிவந்தது. கோடையில் எடுத்த ஹைட்ரில்லாவும் குளிர்காலத்தில் எடுத்ததும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை என்று அதில் எழுதினார். கோடைப் பாசிக்குள் மாலிக் அமிலம் இருந்தது. கரியமில வாயு கிடைக்காதபோது பாசி அந்த அமிலத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது என்றார். அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கோடைப் பாசி ஏன் அப்படி என்பதற்கு விடை வந்த வழிதான் விசித்திரம். 1950களில் மீன்தொட்டி வியாபாரத்தோடு ஹைட்ரில்லா அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே ஏரிகளை அடைக்கும் களையானது. களையை ஒழிக்க வேண்டுமானால் அதைப் புரிந்துகொள்ள வேண்டுமே. 1980 வாக்கில் ஜார்ஜ் போவ்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் கண்டது இது: கோடை மதியத்தில் அடர்ந்த பாசிக்கு நடுவே நீர் சூடாகிறது, ஆக்சிஜன் மிஞ்சுகிறது, கரியமில வாயு கிட்டத்தட்ட தீர்ந்துபோகிறது. அந்த நெருக்கடியில் பாசி கரும்பும் சோளமும் கையாளும் சி4 வழிக்கு மாறுகிறது; முதலில் மாலிக் அமிலமாகக் கரியைப் பிடித்துவைத்து, பிறகு அதை விடுவித்துக்கொள்கிறது. கரும்பு இந்த வேலையை இரண்டு வகைச் செல்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இரண்டே செல் தடிமன் கொண்ட ஹைட்ரில்லா இலையோ ஒரே செல்லுக்குள் முடித்துவிடுகிறது.

எங்கள் மாவட்டம் கண்மாய் மாவட்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்த நீர் பங்குனிக்குள் முட்டளவுக்கு இறங்கிவிடும். போஸ் கண்ட வேறுபாட்டைத் தேடிப் பார்க்க இதைவிட வசதியான இடம் வேண்டாம். ஆனால் ரெக்கார்ட் நோட்டில் விளக்கின் தூரத்துக்கும் நிமிடத்துக்கு எத்தனை குமிழி என்பதற்கும் மட்டுமே கட்டம் போடுகிறோம். எந்தக் கண்மாய்ப் பாசி, எந்த மாதம், காலையா மதியமா, நீரின் சூடு எவ்வளவு என்று இன்னும் நான்கு கட்டம் சேர்த்தால் செலவு ஒன்றுமில்லை. கார்த்திகையில் எடுத்த எண்ணையும் பங்குனியில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மாணவி, விடை தெரிந்த சோதனையை ஒப்பிக்க மாட்டாள். ஏன் இந்த வேறுபாடு என்று கேட்பாள்.