நடைபயிலும் குழந்தையும் விடுமுறை நாளும்

பெங்களூர் மாநகரின் விவேக் நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஒன்றரை வயதுக் குழந்தையுடன் ஒரு குடும்பம் வெளியே புறப்படுகின்றது. தந்தை செருப்பணிந்து வாயிலில் நின்று கால்மணி நேரம் ஆயிற்று. தாயோ இன்னும் பையை நிரப்பிக்கொண்டிருக்கின்றாள். மாற்றுடை இரண்டு, பிசைந்த பருப்புச் சோறு ஒரு சம்புடம், காய்ச்சி ஆறிய நீர், துடைக்கத் துணி. எல்லாம் ஆயத்தமான பின்னர், அணிவித்த காலுறைகளுள் ஒன்றைக் குழந்தை கழற்றி எங்கோ ஒளித்துவிட்டது தெரியவருகின்றது. தேடும் படலம் தொடங்குகின்றது.

இக்காட்சியில் வரலாறு எங்கே இருக்கின்றது என்று நேயர்கள் வினவலாம். இருக்கின்றது என்பதே நம் கருத்து. உழைத்துப் பிழைக்கும் ஒரு குடும்பம், நடைபயிலும் பிள்ளையை அச்சமின்றி ஊர் காண அழைத்துச் செல்வதற்கு மூன்று வேண்டும். ஓய்வு நாள் வேண்டும். செல்வதற்கு வழி வேண்டும். நோய் பற்றிய அச்சம் தணிந்திருத்தல் வேண்டும். இம்மூன்றும் நம் மக்களுக்கு எளிதில் வந்தவை அல்ல. அவை வந்த கதையைச் சற்றுக் காண்போம்.

முதலில் குழந்தையிடமிருந்தே தொடங்குவோம். நடைபயிலும் பிள்ளையைத் தமிழர் எத்துணை நுணுக்கமாக நோக்கினர் என்பதற்குச் சங்க நூல்களே சான்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தம் பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் சிறுவர் உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேரைக் காட்டுகின்றார். உலரும் தானியத்தைக் கொத்தவந்த கோழியின்மேல் மகளிர் எறிந்த பொற்குழை, அத்தேரின் வழியை மறித்துக் கிடக்கின்றதாம். அவரே பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் செய்து கொடுத்த தேரை உருட்டிக் களைத்த பிள்ளை பாலருந்தி உறங்குவதையும் பாடுகின்றார். இன்றும் நம் இல்லங்களில் உள்ள மர நடைவண்டிக்குச் சக்கரம் மூன்றே. ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளாகக் குழந்தையின் முதல் ஊர்தி பெரிதும் மாறவில்லை என்பது வியத்தற்குரியது.

பாண்டியன் அறிவுடை நம்பியோ, உண்கலத்தில் கையிட்டு நெய்ச்சோற்றை உடம்பெங்கும் அப்பிக்கொள்ளும் பிள்ளையைப் புறநானூற்றில் பாடினான். செல்வம் எல்லாம் பெற்றிருப்பினும் அத்தகைய பிள்ளை இல்லாதார் வாழ்நாள் பயனற்றது என்பது அவ்வரசன் துணிபு. பிற்காலத்தே பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் தோன்றிற்று. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழே நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் பழமையானது. குழந்தையின் மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரையுள்ள காலத்தைப் பத்துப் பருவங்களாக வகுத்துக் கூறுவாரும் உளர். தலையசைக்கும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, நடந்துவர அழைக்கும் வாரானை, நிலவை விளையாட அழைக்கும் அம்புலி என்று அவை தொடரும். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் எது தெரியுமா? சிறுதேர்.

இவ்வளவு நோக்கிய நம் முன்னோர், குழந்தையுடன் எங்கே சென்றனர்? உலாவுக்கென்று தனியே செல்லும் வழக்கம் பெரும்பாலார்க்கு இல்லை. தாய்வீட்டுக்குச் செல்வர், குலதெய்வக் கோயிலுக்கு முடியிறக்கச் செல்வர், தேர்த்திருவிழாவுக்குச் செல்வர். காவிரிக்கரை ஊர்களில் ஆடிப் பதினெட்டன்று சிறுவர் சிறு சப்பரம் இழுத்து ஆற்றங்கரைக்குச் செல்வது இன்றும் உண்டு. மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் சமுக்காளம் விரித்து, குழந்தையை நடுவில் கிடத்திப் புறப்படுவர். பாட்டியின் சுருக்குப் பையில் வசம்பு தவறாது இருக்கும். ‘பிள்ளை வளர்ப்பான்’ என்னும் பெயர் அதற்கு வாய்த்ததை எண்ணுக. அந்நாளில் விடுமுறையை அளித்தவை அறுவடையும் பஞ்சாங்கமுமே. உழவனுக்கு ஞாயிறும் ஒன்றுதான், திங்களும் ஒன்றுதான்.

இனி, விவேக் நகருக்குத் திரும்புவோம். ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, ஈஜிபுரா ஆகியவற்றை அண்டையில் கொண்ட இப்பகுதி, பழைய தண்டுப் பகுதியின் தென்புறத்தே அமைந்தது. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றித் தண்டு அமைத்தனர். படைவீரராகவும் வணிகராகவும் கட்டடத் தொழிலாளராகவும் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் பலர் இங்கு வந்தனர். வந்தவர் இங்கேயே தங்கினர். ஆயினும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் சொந்த ஊரிலேயே நிகழ்ந்தன. ஆதலின் குழந்தைக்கு இரண்டு ஊர்கள் உண்டாயின. தந்தை பிழைக்கும் ஊர் ஒன்று; தாய் பிறந்த ஊர் மற்றொன்று.

அவ்விரண்டையும் இணைத்தது புகைவண்டி. 1864-ஆம் ஆண்டில் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டு நிலையம் வரை இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. மாட்டு வண்டியில் பல நாள் பிடித்த வழி ஒரு பகற்பொழுதில் அடங்கிற்று. இருக்கைக்கு மேலுள்ள பலகையின் கம்பியில் சேலையைக் கட்டித் தூளியாக்கி, வண்டியின் ஆட்டத்தையே தாலாட்டாக்கிக் கொண்ட தாய்மாரை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். ஆயிரம் மைல் கடக்க வந்த இரும்பு ஊர்தியைத் தமிழ்த்தாய் ஒரு தொட்டிலாக்கிவிட்டாள்!

வழி வந்தது, ஓய்வு நாள் பின்னரே வந்தது. பம்பாய் ஆலைத் தொழிலாளர்க்கு வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டுமென நாராயண் மேகாஜி லோகண்டே பல்லாண்டுகள் போராடினார். 1890-இல் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். 1891-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதனை விதியாக்கிற்று. நாடு விடுதலை பெற்றபின் வந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஓராண்டில் 240 நாட்கள் உழைத்தவர்க்கு, உழைத்த இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் ஊதியத்துடன் விடுப்பு அளித்தது. பெங்களூரில் 1940-இல் விமானத் தொழிற்சாலையும், 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953-இல் கடிகாரங்களும் பின்னர் செய்த இயந்திரக் கருவித் தொழிற்சாலையும் தோன்றின. ‘சங்கு ஊதும் வேலை’ பெற்ற ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, தந்தை பகலில் வீட்டிலிருக்கும் நாள் ஒன்று வாரந்தோறும் உறுதியாயிற்று. குழந்தை தந்தையைப் பகல் வெளிச்சத்தில் கண்டது.

மூன்றாவது, அச்சம். இதனை இன்றைய இளம்பெற்றோர் உணர்வது அரிது. 1898-இல் பெங்களூரைக் கொள்ளைநோய் தாக்கியது. மக்கள் வீடுகளைத் துறந்து ஓடினர். நெருக்கமற்ற வீதிகளும் காற்றோட்டமும் கொண்ட புதிய குடியிருப்புகளை நகரம் அமைக்கத் தலைப்பட்டதற்கு அந்நோயும் ஒரு காரணம். பெரியம்மையோ ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. கோடையில் கூட்டம் கூடும் இடத்துக்குச் சிறுபிள்ளையைக் கொண்டுசெல்லாதே என்று பாட்டி தடுத்தது வெறும் பழமைப் பிடிவாதம் அன்று. தன் பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் பேசிய பேச்சு அது. இந்நாட்டில் பெரியம்மை 1975-இல் ஒழிந்தது. இளம்பிள்ளை வாதம் அற்ற நாடென 2014-இல் இந்தியா சான்று பெற்றது. 1971-இல் நம் நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 129 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் மாண்டன. 2020-இல் அத்தொகை 28. முதல் பிறந்தநாளைப் பெரிதாகக் கொண்டாடும் வழக்கத்தின் அடியில், ஓராண்டைக் கடத்திவிட்டோம் என்னும் பழைய பெருமூச்சு ஒன்று கேட்கின்றது. ஆயிரத்தில் 28 என்பதும் 28 தாய்மாரின் கண்ணீர் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆக, ஓய்வும் வழியும் துணிவும் பெற்ற விவேக் நகர்க் குடும்பம் எங்கே செல்கின்றது? வியாழக்கிழமையாயின், ஊரெங்கிலுமிருந்து பல சமயத்தாரும் தம் பிள்ளைகளுடன் வந்து கூடும் குழந்தை இயேசு ஆலயம் அருகிலேயே உள்ளது. ஞாயிறாயின், 1870-இல் அமைக்கப்பெற்ற கப்பன் பூங்காவும், 1760-இல் ஐதர் அலி தொடங்கிய லால்பாக்கும் உள்ளன. கப்பன் பூங்காவின் சிறுவர் இரயிலுக்குப் ‘புட்டாணி’ என்று பெயர். கன்னடத்தில் அது சின்னஞ்சிறு என்று பொருள்படும். லால்பாக்கிலோ 1889-இல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகை இருக்கின்றது. அரிய மரங்கள் இருக்கின்றன. ஆனால் நம் குழந்தை அவற்றை ஏறெடுத்தும் பாராது. அங்குள்ள பாறைமேல் ஏறவும் இறங்கவுமே விரும்பும். அப்பாறைக்கு வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு என்பர் நிலவியலார். உலகின் மிகப் பழைய பாறைகளுள் ஒன்றின்மேல் ஒன்றரை வயதுக் கால்கள் தடுமாறி நிற்கும் காட்சி, காணத்தக்கது.

சற்றுத் தொலைவு செல்ல வல்லவர் மைசூர்ச் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்று சென்னப்பட்டணத்தை அடைவர். வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழற்றி, வண்ண அரக்கை அதன்மேல் அழுத்த, உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பின்னர்த் தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவர். உருத்திரங்கண்ணனார் கண்ட தச்சரின் வழித்தோன்றல்களைப் போல அவர்கள் இன்றும் சிறுதேர் செய்துகொண்டிருக்கின்றனர்.

பெற்றவற்றைக் கூறினோம், இழந்தவற்றையும் கூறுதல் வேண்டும். திண்ணை போயிற்று. வாகனம் பெருகிய தெருவில் நடைவண்டி உருட்ட இடமில்லை. பாட்டி ஓர் ஊரிலும் பேரன் ஓர் ஊரிலுமாயினர். விடுமுறை நாளிலும் தாய்க்கு விடுமுறை இல்லை. அடுக்களையைப் பையிலிட்டுத் தோளில் சுமப்பதே அவள் பெற்ற உலா. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தை 2017-இல் திருத்தி விடுப்பை 26 வாரமாக்கினர். ஐம்பதும் அதற்கு மேலும் பணியாளர் உள்ள நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் விதித்தனர். நற்செயலே. ஆயினும் வீட்டு வேலைக்குச் செல்லும் தாயும் கட்டடத்தில் மண் சுமக்கும் தாயும் நடைமுறையில் அதன் நிழலுக்கு வெளியேதான் பெரும்பாலும் நிற்கின்றனர். அவர்தம் குழந்தைக்கும் ஞாயிறு வாய்க்கும் நாளே இவ்வரலாறு முழுமை பெறும் நாள்.

அதுவரை, விடுமுறை பெற்றுள்ள நாமாவது அதனை நன்கு பயன்படுத்துவோம். வாரானைப் பருவத்தின் அமைப்பை நினைவுகூர்க. அங்கே பெரியவர் ஓரிடத்தில் இருந்து கைந்நீட்டி அழைக்கின்றனர். குழந்தை தானே வருகின்றது. இன்றோ நாம் முன்னே விரைகின்றோம். குழந்தையை இழுத்துச் செல்கின்றோம். ஒரு நாளில் நான்கு இடங்கள் கண்டோம் என்பது பெரியவர் கணக்கு. ஓர் எறும்பு வரிசையை அரைமணி நேரம் கண்டோம் என்பது குழந்தையின் கணக்கு. விடுமுறை நாளில் ஒருமுறையேனும் அக்கணக்கை ஏற்றுக்கொள்வோமாக.

விவேக் நகர்க் குடும்பத்தைப் பற்றிக் கவலை வேண்டா. காலுறை நடைவண்டியின் அடியில் கிடைத்துவிட்டது. புறப்பட்டுவிட்டனர். மாலையில் மொட்டை மாடியில் சோறூட்டும்போது தாய் அம்புலியை அழைப்பாள். பக்கத்து மாடிக் கன்னடத் தாய் சந்தமாமாவை அழைப்பாள். இருவர்க்கும் பொதுவான நிலவு ஒன்றே. குழந்தை இரண்டு பெயரையும் கற்றுக்கொள்ளும்.