காரணம்: கஞ்சா

காரைக்காலில் என் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் போதும். தெருவில் போகிற வருகிறவர்களின் பூர்வோத்தரமெல்லாம் தெரிந்துவிடும். நான்கு வீடு தள்ளி ஒருவர் இருந்தார். சுவரைப் பார்த்துப் பேசுவார், திடீரென்று யாருக்கோ பதில் சொல்வார். "கஞ்சா குடிச்சு மூளை கலங்கிப் போச்சு" என்று பெரியம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தெருவுக்கும் அதே தீர்ப்புத்தான். சிறுவனான எனக்கு மேல்முறையீடு செய்யத் தோன்றவில்லை.

பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு பழைய சர்க்கார் அறிக்கையைப் படித்தபோது அவர் ஞாபகம் வந்தது. கஞ்சாவின் விளைவுகளைப் பற்றிப் பார்லிமெண்டில் கேள்வி எழுந்ததன்பேரில், 1893இல் வெள்ளைக்கார சர்க்கார் ஒரு கமிஷன் போட்டது. மாக்வொர்த் யங் தலைவர். ஏழு பேரில் மூவர் இந்தியர். ஊர் ஊராகப் போய் 1,193 பேரிடம் சாட்சியம் வாங்கினார்கள். சென்னைக்கும் வந்தார்கள். காரைக்கால் மட்டும் அவர்கள் எல்லைக்கு வெளியே; அது பிரெஞ்சுக்காரன் சீமை.

அதுவரை எல்லோரும் நம்பியிருந்த ஆதாரம் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக் கணக்குகள். 1892இல் சேர்க்கப்பட்டவர்கள் 1,344 பேர். அவர்களில் 222 பேருக்குக் கஞ்சா, பங்கி வகைதான் காரணம் என்று எழுதியிருந்தது. எழுதியது யார் என்று கமிஷன் தேடிப் போன இடம்தான் எனக்குப் பிடித்த பகுதி. நாவல் எழுதுகிறவனுக்கு வேறென்ன பிடிக்கும்? தெருவில் அலைந்த ஒருவனைப் போலீஸ்காரர் பிடித்துவருகிறார். பாரம் ஒன்று நிரப்பியாக வேண்டும். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். வெற்றாக விட்டால் மேலேயிருந்து கேள்வி வரும். ஆள் கஞ்சா குடிப்பவன் என்று யாரோ சொல்கிறார்கள், கட்டம் நிரம்பிவிடுகிறது. ஆஸ்பத்திரியில் அதை அப்படியே பெயர்த்து எழுதுகிறார்கள். பிறகு அது புள்ளிவிவரம்.

அந்த வருஷத்து ஆட்களைப் பற்றிக் கமிஷன் ஒவ்வொருவராக மறுவிசாரணை செய்தது. 222 என்பது 98 ஆயிற்று. அதிலும் கஞ்சா ஒன்றே காரணம் என்று கொள்ளத்தக்கவர்கள் 61 பேர்தான். மற்ற 37 பேருக்கு வேறு காரணங்களும் கூட இருந்தன. சிலர் விஷயத்தில் பைத்தியம் முந்தி, கஞ்சா பிந்தி. ஆனால் கமிஷன் கஞ்சாவுக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துவிடவில்லை. அளவோடு உபயோகிப்பவர்களில் பெரும்பாலோர் மனத்துக்குக் கெடுதல் இல்லை. மிதமிஞ்சினால், ஏற்கெனவே நிலை தளர்ந்த மனத்தை மேலும் தளர்த்தும், சிலருக்குப் பைத்தியமே உண்டாகும் என்றது.

அந்தத் தளர்ந்த மனத்தை உள்ளேயிருந்து பார்க்க ஆசைப்பட்டவர் ஒரு பிரெஞ்சு வைத்தியர், மொரோ தெ தூர். கஞ்சாவைத் தாமே தின்று பார்த்துவிட்டு 1845இல் பாரிஸில் புத்தகம் போட்டார். காலம் நீண்டதும் எண்ணங்கள் அறுந்து ஓடியதும் பைத்தியத்தின் மாதிரியே இருந்தனவாம். துணிச்சல்காரர்தான். ஆனால் அவர் போன வீட்டுக்குத் திரும்பிவரக் கதவு திறந்திருந்தது. சில மணி நேரத்தில் தெளிந்து பேனாவை எடுத்துக்கொண்டார். எங்கள் தெருக்காரருக்கு அந்தக் கதவு கிடைக்கவில்லை.

ஏன் ஒருவருக்குத் திறந்து மற்றவருக்கு மூடிக்கொள்கிறது என்ற கேள்விக்கு இன்றும் பாதி பதில்தான் இருக்கிறது. ஸ்வீடனில் பட்டாளத்துக்கு வந்த 45,570 இளைஞர்களைப் பதினைந்து வருஷம் கவனித்து 1987இல் வெளியிட்டார்கள். ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா குடித்தவர்களிடையே மனச்சிதைவு நோய் ஆறு மடங்கு. ஆனால் முன்பே மனக்கோளாறு இருந்தவர்களைக் கணக்கில் கொண்டபோது அந்த மடங்கு குறைந்தது, மறையவில்லை. இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. பரம்பரையில் நோய் உள்ளவர்களுக்கும், சிறு வயதில் ஆரம்பிப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம் என்பது இப்போது வைத்தியர்கள் பொதுவாக ஒப்புக்கொண்ட விஷயம்.

வேடிக்கை, இதே செடி வலிப்புக்கு மருந்தாகவும் வந்தது. கல்கத்தாவில் ஓஷாக்னஸி என்ற டாக்டர் 1830களின் கடைசியில் ஒரு பச்சைக் குழந்தையின் வலிப்புக்குக் கஞ்சாச் சாறு கொடுத்துப் பார்த்தார். 2018இல் அமெரிக்க சர்க்கார், அச்செடியிலிருந்து பிரித்த, போதை தராத ஒரு பொருளைச் சில கடுமையான வலிப்பு நோய்களுக்கு அனுமதித்தது. ஒரு மூளைக்குச் சாந்தி, ஒரு மூளைக்கு நெருப்பு.

போன தடவை ஊருக்குப் போனபோது அவருடைய தங்கையைப் பார்த்தேன். அண்ணன் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. எது முதலில் என்று கேட்டேன். இத்தனை காலத்தில் அதை யாருமே கேட்டதில்லை என்றாள்.

"குரல் கேக்க ஆரம்பிச்சதுதான் தம்பி முதல்ல. ராத்திரியெல்லாம் காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கும். அது அடங்கும்னுதான் சிலும்பியைத் தொட்டது. ஆரம்பத்துல கொஞ்சம் அடங்கிச்சுன்னு சொல்லும். அப்புறம் முன்னைக்கு மூணு பங்கா வந்திடிச்சு."

கஞ்சாவை நிறுத்தினால் தெளிந்துவிடும் என்று வீட்டில் முடிவு செய்து, வெளியே விடாமல் ஓர் அறையில் வைத்திருந்தார்களாம். நாகூருக்கு இரண்டு தடவை அழைத்துப் போனார்கள். நான்கு வருஷம் அவர் கஞ்சாவைக் கண்ணால் பார்க்கவில்லை. குரல்கள் மட்டும் போகவில்லை. டாக்டரிடம் போனது அதற்கப்புறம்தான்.

"முதல்லயே போயிருந்தா தம்பி?" என்று கேட்டாள்.

நான் கமிஷனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டேன். உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள்.