கேட் சாத்தாமல் கைகாட்டி இறங்காது

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "உங்க ஃபேக்டரி அனுபவத்தை ஒரு கட்டுரையா எழுதுங்க, இப்போ படிக்கிற பசங்களுக்கும் உபயோகமா இருக்கணும்" என்றார். முப்பது வருடங்களாகக் கருவிகளோடும் கம்ப்யூட்டர்களோடும் மாரடித்தவன் நான். ஆனால் எழுத உட்கார்ந்ததும் கண் முன்னால் வந்து நின்றது ஃபேக்டரி அல்ல, எங்கள் ஒலக்கூர்ப் பக்கத்து ரயில்வே கேட்!

பாசஞ்சர் பிடித்துத் திண்டிவனம் வந்து படித்த கோஷ்டியைப் பழைய மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கோஷ்டியில் அடியேனும் ஒருவன். ஒருநாள் கேட்டில் மாட்டு வண்டி ஒன்று சிக்கிக்கொண்டது. தூரத்தில் ரயில் கூவிக்கொண்டு நிற்கிறது. எங்களுக்கோ பரீட்சை. "மாமா, கைகாட்டிய எறக்கி வுடச் சொல்லுங்க, வண்டி கிட்ட வர்றதுக்குள்ள கேட்ட சாத்திக்கலாம்" என்று கேட்கீப்பரிடம் கெஞ்சினோம். அவர் சிரித்தார். "நான் நெனச்சாலும் எறங்காதுடா. ஸ்டேஷன் மாஸ்டர் நெனச்சாலும் எறங்காது. கேட்டு சாத்திப் பூட்டு விழுந்தாத்தான் அந்த லீவரே அசையும்" என்றார். பரீட்சைக்கு அரை மணி தாமதம். அந்தப் பேப்பரில் நான் வாங்கிய மார்க்கை இங்கே சொல்லப்போவதில்லை.

அவர் சொன்னதற்கு ஆங்கிலத்தில் இன்டர்லாக்கிங் என்று பெயர். 1856-ல் இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு லீவர்களை ஒரே நேரத்தில் இழுக்க முடியாதபடி இரும்பாலேயே பூட்டுவதுதான் சூட்சுமம். ஆனால் நல்ல யோசனை பிறந்த அன்றே ஊர் அதை ஏற்றுக்கொண்டு விடுமா? ரயில் கம்பெனிகள் செலவைக் காட்டி இழுத்தடித்தன. 1889 ஜூன் 12-ஆம் தேதி அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊருக்கு அருகே, உல்லாசப் பயணம் போன ரயிலின் பின்பாதிப் பெட்டிகள் மேட்டிலிருந்து பின்னோக்கி உருண்டு, அடுத்து வந்த வண்டியில் மோதின. சுமார் 80 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் பள்ளிக் குழந்தைகள். அதே ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் சட்டம் போட்டு, பயணிகள் ரயில்களுக்கு இன்டர்லாக்கிங்கும் தொடர் பிரேக்கும் கட்டாயம் என்றது. முப்பத்து மூன்று வருடம் காத்திருந்த யோசனைக்கு 80 உயிர்கள் விலை.

நான் எழுத வந்த விஷயம் கம்ப்யூட்டர் பாதுகாப்பு. அந்த முப்பத்து மூன்று வருடக் கதை அங்கேயும் அப்படியே நடந்தது, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு பீடிகை.

ஃபேக்டரி மெஷின்களை ஆட்டுவிக்கும் சின்னக் கம்ப்யூட்டரைப் பி.எல்.சி. என்போம். 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் கார்த் தொழிலுக்காகப் பிறந்தது. அவை பேசிக்கொள்ள 1979-ல் மாட்பஸ் என்று ஒரு மொழி வந்தது. அதில் பாஸ்வேர்டே கிடையாது. "வால்வைத் திற" என்று யார் சொன்னாலும் திறந்துவிடும். சொன்னது யார் என்று கேட்காது. அன்றைக்கு அது தப்பில்லை. கம்பி ஃபேக்டரிச் சுவருக்குள்ளேயே முடிந்துவிடும், கேட்டில் வாட்ச்மேன் இருக்கிறார், போதாதா? பிறகு சென்னை ஆபீஸில் உட்கார்ந்தபடியே உற்பத்திக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று முதலாளிகளுக்கு ஆசை வந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரும் மெஷின் கம்ப்யூட்டரும் ஒரே கம்பியில் கோர்க்கப்பட்டன. அந்தக் கம்பிகளை இழுத்தவர்களில் நானும் உண்டு. பூட்டு போட வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2010-ல் ஸ்டக்ஸ்நெட் வெளியே தெரிந்தது. ஈரானின் நத்தான்ஸ் யுரேனிய ஆலையைக் குறிவைத்து எழுதப்பட்ட வைரஸ். பென் டிரைவ் வழியாகவே பரவக் கூடியது. சுழலும் எந்திரங்களின் வேகத்தைத் தாறுமாறாக மாற்றிவிட்டு, ஆபரேட்டரின் திரையில் எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டியது! திரையை நம்பித்தானே நாங்கள் பிழைப்பு நடத்துகிறோம்? அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நம் நாட்டுக் கம்ப்யூட்டர்களிலும் அது ஏராளமாகப் புகுந்திருந்தது.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 2019 அக்டோபர் 28-ஆம் தேதி, கூடங்குளம் அணுமின் நிலையத்தில் டிட்ராக் என்ற வேவு நிரல் நுழைந்துவிட்டதாகச் செய்தி பரவியது. விசைப்பலகையில் தட்டுவதைப் பதிவு செய்வது, கோப்புகளைப் பட்டியல் போடுவது, பிரௌசர் வரலாற்றைத் திருடுவது இதன் வேலை. ஆய்வாளர்கள் இதை வட கொரியாவோடு தொடர்புள்ள லாசரஸ் கும்பலின் கைவரிசை என்கிறார்கள். மறுநாள் 29-ஆம் தேதி நிலையத்தின் அறிக்கை: எங்கள் கட்டுப்பாட்டு அமைப்பு வெளி உலகோடு இணைக்கப்படாதது, அதன் மீது தாக்குதல் சாத்தியமே இல்லை. அதற்கடுத்த நாள் 30-ஆம் தேதி இந்திய அணுமின் கழகத்தின் அறிக்கை: நிரல் இருந்தது உண்மைதான்; செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4-ஆம் தேதியே தெரிவித்துவிட்டது; பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான, இன்டர்நெட் இணைப்புள்ள ஒரு கம்ப்யூட்டர்; உள் வலையமைப்பு தனியானது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் முரண்பாடு இல்லை. உலையை ஓட்டும் அமைப்பைத் தனியே பிரித்து வைத்தவர்கள் கேட்டை முன்கூட்டியே சாத்தி வைத்தவர்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் செப்டம்பர் 4-ல் தெரிந்த விஷயம் ஊருக்குத் தெரிய அக்டோபர் 30 ஆனதே! நடுவில் அக்டோபர் 19-ஆம் தேதி இரண்டாவது அலகு வேறு தொழில்நுட்பக் காரணத்தால் நின்றபோது, பிற்பாடு ஜனங்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசியதில் ஆச்சரியம் என்ன? ஒளித்தால் வதந்தி. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி இப்போது இப்படிப்பட்ட சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவித்தாக வேண்டும்.

சரி, உள்ளே தனியே பிரித்து வைத்தாயிற்று. கதவைத் திறந்து நாமே வரவேற்கும் விருந்தாளி? மென்பொருள் அப்டேட்டைத்தான் சொல்கிறேன். 2017 ஜூன் 27-ஆம் தேதி உக்ரைனில் வரிக் கணக்கு எழுதும் ஒரு மென்பொருளின் அப்டேட் வழியாக நாட்பெட்யா பரவியது. அந்த நாட்டோடு நிற்கவில்லை. மெர்ஸ்க் கப்பல் கம்பெனி முடங்கியது. அந்தக் குழுமம் நடத்திய சரக்கு முனையம் ஒன்று நம் மும்பை நவசேவா ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் இருந்தது, அதுவும் நின்றுபோனது. உக்ரைனின் வரிக்கணக்குக்கும் நவசேவாவின் கன்டெய்னருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், கம்பிதான் சம்பந்தம். 2020 டிசம்பரில் சோலார்விண்ட்ஸ் விவகாரம். கம்பெனியின் முறையான முத்திரையோடு வந்த அப்டேட்டிலேயே விஷம். ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. முத்திரை அசல், சரக்கு கலப்படம்!

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஃபேக்டரியின் பெயர் வேண்டாம். மெஷின் சப்ளை செய்த கம்பெனியிலிருந்து சர்வீஸ் ஆள் வந்து தன் லேப்டாப்பைச் செருகி அப்டேட் செய்துவிட்டுப் போனார். அன்றிரவே கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக உறைந்தன. மூன்று ஷிஃப்ட் உற்பத்தி போயிற்று. அங்கே காண்ட்ராக்டில் வேலை பார்த்த தம்பி ஒருவர், நம் கல்லூரியில் இயற்பியல் படித்தவர், ராத்திரி செல்போனைக் கம்ப்யூட்டரில் செருகி சார்ஜ் போட்டிருந்தார். "இவன்தான்!" என்று முடிவாகிவிட்டது. "சார், நான் சார்ஜ் மட்டுந்தான் போட்டேன் சார்" என்று என் மேஜை முன்னால் நின்று அழுதார். விசாரணைத் தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான், வைரஸ் வந்தது சர்வீஸ்காரர் லேப்டாப்பில் என்று தெரிந்தது. தம்பியைத் தேடினேன், போன் நம்பர் மாறிவிட்டிருந்தது. இந்த மலர் உங்கள் கைக்கு வந்தால், தம்பி, தப்பு என்னுடையது. எந்தத் துளையிலும் எதையும் செருகலாம் என்று மெஷினை விட்டு வைத்தவன் நான்.

செருகும் துளையைப் பூட்டுவது, வெளியிலிருந்து வரும் லேப்டாப்பைத் தனி இடத்தில் சோதிப்பது, ஆபீஸ் வலையையும் மெஷின் வலையையும் பிரிப்பது எல்லாம் கேட்கீப்பர் சொன்ன இரும்புப் பூட்டின் ஜாதி. மனிதன் நல்லவனா, தூங்கிவிட்டானா என்று பார்க்காமல், தப்பு செய்யவே முடியாதபடி அமைப்பது. இதில் புதிதாகச் சேர்ந்திருப்பது உட்பொருள் பட்டியல். பிஸ்கட் பாக்கெட்டில் மைதா எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று அச்சடிக்கிறார்களே, அதுபோல ஒரு மென்பொருளுக்குள் யார் யார் எழுதிய எந்தெந்தத் துண்டுகள் இருக்கின்றன என்ற பட்டியல். செர்ட்-இன் 2024 அக்டோபரில் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்த ஆண்டு மார்ச் மாதம்தான், லினக்ஸ் உலகில் எங்கும் இருக்கும் எக்ஸ்-இசட் என்ற சின்னத் துண்டில், இரண்டு வருடம் நல்லபிள்ளையாக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்த ஒரு முகம் தெரியாத ஆசாமி கள்ளக் கதவு வைத்திருந்தது தெரிந்தது. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். லாகின் ஆக வழக்கத்தைவிட அரை விநாடி கூட ஆகிறதே என்று உறுத்தி, தோண்டிப் பார்த்திருக்கிறார். அரை விநாடி!

திண்டிவனம் சிப்காட்டில் வேலைக்குப் போகப்போகும் தம்பி தங்கைகள் ஒன்று கேட்பார்கள்: "இதெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம் இல்லையா சார்?" இல்லை. இப்போது நான் ஆலோசகராகப் போகும் சின்ன ஆலையில் மொத்தமே 60 பேர். வாசலை ஒட்டிய அறையில் எந்த வலையிலும் சேராத பழைய கம்ப்யூட்டர் ஒன்று வைத்திருக்கிறோம். யார் பென் டிரைவ் கொண்டுவந்தாலும் முதலில் அதில்தான் போட வேண்டும். போன மாதம் ஒரு சர்வீஸ் ஆள், "அரை மணி நேரம் வேஸ்ட் சார், அடுத்த ஊருக்குப் போவணும்" என்று முணுமுணுத்தார். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். சோதனையில் ஒன்றும் இல்லை. போய்விட்டார்.