பூட்டுக்காரரும் புல்டோசரும்

பூட்டுக்குப் பெயர்பெற்றது எங்கள் திண்டுக்கல். மாங்காய்ப் பூட்டு முதலாகக் கைத்தொழிலால் உருவான இவ்வூர்ப் பூட்டுகள் 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றன. தோல் பதனிடுதலும் இவ்வூரின் பழைய தொழில். பூட்டும் தோலும் சேர்ந்து, மலையைப் புரட்டும் புல்டோசருக்கு வழிகாட்டிய கதையை மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கதை நடந்த இடம் திண்டுக்கல் அன்று, இலண்டன் மாநகரம்.

அங்கே ஜோசப் பிராமா என்றொரு பூட்டுக்காரர் இருந்தார். உழவர் குடியில் 1748-இல் பிறந்தவர். தம் பூட்டொன்றைக் கடைச் சன்னலில் தொங்கவிட்டு, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்தார். அறுபது ஆண்டுகளாக எவராலும் இயலவில்லை. 1851-இல் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கரே அதனைத் திறந்தார். அவருக்கும் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் பிடித்தது!

இந்தப் பிராமாவே 1795-இல் நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எங்கும் குறையாது பரவும் என்பது பாஸ்கல் விதி. சிறிய உருளையில் சிறு விசையைச் செலுத்தினால், பெரிய உருளையில் பெரும் பாரம் எழும். ஏட்டில் இது எளிது. பட்டறையிலோ, உந்து தண்டைச் சுற்றி நீர் கசிந்தது. அடைப்பை இறுக்கினால் தண்டு அசையாது. தளர்த்தினால் நீர் பீறிடும். பிராமாவிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே என்ற இளைஞர் கிண்ணம்போல் மடித்த தோல் வளையத்தைப் பொருத்தினார் என்பர். அழுத்தம் மிகமிக வளையம் தானே விரிந்து இறுகும். அழுத்தம் நீங்கினால் தளரும். இத்தகைய தொழிலாளி ஊதிய உயர்வு கேட்டபோது பிராமா மறுத்துவிட்டார். மாட்ஸ்லே 1797-இல் விலகித் தனிப் பட்டறை கண்டார். அறிஞர்களும் இவ்விஷயத்தில் முதலாளிகளே!

1923-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் கம்மிங்ஸ், மக்லியாட் என்னும் இருவர் டிராக்டரின் முன் மண்தள்ளும் அலகைப் பொருத்தினர். பிற்காலத்தில் அவ்வலகை உயர்த்தும் வேலை எண்ணெய் அழுத்தத்திற்கு வந்தது. நம் நாட்டில் 1964-இல் தொடங்கிய பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம், தமிழ்த் தொழிலாளர் மிகுந்த கோலார் தங்கவயலில் இவ்வியந்திரங்களைச் செய்தது.

நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, சிறுமலை தெரியும் ஒரு செம்மண் வெளியில் எங்கள் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் அமைக்கப் பழைய புல்டோசர் ஒன்று வாடகைக்கு வந்தது. இரண்டாம் நாள், அலகு விட்டுவிட்டுத் துள்ளி எழுந்தது, பம்பு ஊளையிட்டது. ஓட்டுநரோ பம்பு போயிற்று என்றார். புதியதன் விலையைக் கேட்டு நான் திகைத்தேன். முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தோம்.

அவர் வந்தபோது, இரண்டு முழ உயரத்தில் நின்ற அலகின் அடியில் உதவியாளன் நுழைந்துகொண்டிருந்தான். வேடிக்கை பார்த்த என் மாணவர் இருவரும் அவன் பின்னே குனிந்தனர். “டேய் தம்பி, வெளியே வா! எண்ணெயை நம்பி இரும்புக்கு அடியில் போவார்களா?” என்று கையைப் பற்றி இழுத்தார். அலகைத் தரையில் இறக்கிய பின்னரே வேறு பேச்சு. எனக்கு வெட்கமாயிற்று, பிள்ளைகளைத் தடுத்திருக்க வேண்டியவன் நான். வேல்ஸ் நாட்டுப் பிரிட்டானியா பாலத்துக்காக, 1849-இல், ஆயிரம் டன்னுக்கும் மிகுந்த இரும்புக் கூடு நீரழுத்தப் பொறியால் ஏற்றப்பட்டபோது உருளை வெடித்தது. ஏறஏற அடியில் முட்டுக் கொடுத்து வரவேண்டும் என்று பொறியாளர் ஸ்டீபன்சன் கட்டளையிட்டிருந்தமையால், கூடு சில அங்குலமே விழுந்தது. வகுப்பில் இதனைப் பலமுறை சொல்லியவனே அன்று வாளா நின்றேன்.

பெரியவர் பம்பைத் தொடவேயில்லை. எண்ணெய்த் தொட்டியைத் திறந்தார். எண்ணெய் கடைந்த மோர்போல் நுரைத்திருந்தது. “பல்சக்கரம் தேய்ந்திருந்தால் காலையில் வேலை செய்யும், எண்ணெய் சூடேறி இளகியதும் சோரும், சார். இது காலையிலேயே துள்ளுகிறது, காற்றுப் புகுந்திருக்கிறது” என்றார். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும், ஆதலின் துள்ளல். ஆனால் எங்கும் ஒரு சொட்டு ஒழுக்கில்லையே என்றேன். உறிஞ்சும் குழாயில் ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும் என்றார். அலகைத் தரையிலேயே வைத்து எஞ்சினை ஓட்டச் செய்து, அக்குழாயின் இணைப்புகளில் ஒவ்வொன்றாகக் கிரீஸைத் தடவினார். மூன்றாவதில் ஊளை நின்றது. குழாய்ப் பிடிவளையம் தளர்ந்திருந்தது.

பிற்பகலில் வண்டி மீண்டும் மண்ணைத் தள்ளியது. புதுப் பம்பு கேட்டு நான் எழுதிய கடிதம் தபாலில் சேரவில்லை.